மலையகப் புகைப்படப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டில், கண்டியில் தொடங்கி ஹட்டன், நுவரெலியா, ஹப்புத்தளை வழியாக எல்லவில் முடியும் ஏழு நாள் புகைப்படப் பயணம் இது. பழைய நகரங்கள், அரண்மனை, வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கட்டிய பங்களாக்கள், தேயிலை மலைகள், ரயில் பாதை எல்லாம் உண்டு. நடத்துகிற நாங்கள் மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று உள்ளூரிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். தேயிலை மலையில் மனிதர்களைப் படம் எடுப்பது பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

பெரிய கெமரா இருந்தால்தான் வரலாமா?

இல்லை. கைத்தொலைபேசி மட்டும் கொண்டு வந்தவர்களும் எங்களோடு நடந்திருக்கிறார்கள். அருமையான படங்களோடு போயிருக்கிறார்கள். விடியற்காலையில் எழும்பும் மனமும், ஒரே இடத்தில் அரை மணித்தியாலம் பொறுத்திருக்கும் குணமும் இருந்தால் போதும். அவசரக்காரர்களுக்கு இந்தப் பயணம் ஒத்துவராது.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மலைநாட்டுக்கு ஒரே வானிலை கிடையாது. நடுவில் நிற்கும் மலைத்தொடர் மழையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டும். அதே நாட்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயிலும் வறண்ட காற்றுமாக இருக்கும். அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் காலமும் அதுதான். டிசம்பரிலிருந்து வடகீழ் பருவக்காற்று வரும்போது நிலைமை தலைகீழாகிவிடும்: பதுளைப் பக்கம் நனையும், மேற்குச் சரிவு மெல்லத் தெளியும்.

அதனால் முழுப் பாதையையும் பெப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் நடத்துகிறோம். அப்போது இரண்டு பக்கமும் ஓரளவு வெளித்திருக்கும். ஜூலை, ஓகஸ்டில் வர விரும்புகிறவர்களுக்கு ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல மட்டும் அடங்கிய சிறிய பயணம் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் காலை பளிச்சென்று இருந்தாலும் பின்னேரமானால் இடியும் மழையும்தான்; அந்த மாதங்களில் நாங்கள் யாரையும் கூட்டிப் போவதில்லை. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும். கொண்டாட வருகிறவர்களுக்கு அது நல்ல காலம். படம் எடுக்க வருகிறவர்களுக்கு வாகன நெரிசல்தான் மிஞ்சும்.

நாள் எப்படிப் போகும்?

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சூரியன் சட்டென்று மேலே ஏறிவிடும். பொன்வெயில் விடிந்து ஒரு மணித்தியாலம் நின்றால் பெரிய காரியம், மாலையிலும் அப்படித்தான். ஆகவே ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுவோம். ஒன்பதரைக்கு மேல் வெளிச்சம் கடுத்துவிடும். அப்போது கட்டடங்களின் உள்பக்கம், ஃபெக்டரி, கடைத்தெரு என்று போவோம். மதியம் சாப்பிட்டு ஓய்வு. நாலு மணிக்கு மறுபடியும் வெளியே. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்று எடுத்தவற்றை எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்போம். ஆளுக்கு ஐந்து படம்தான் காட்டலாம். ஐந்தைத் தேர்ந்தெடுக்கத் திணறும்போதுதான் தன் படத்தில் எது பலம் என்று ஒருவருக்குப் புரியத் தொடங்கும்.

கண்டியில் இரண்டு நாளா? தலதா மாளிகையைப் பார்க்க அரை நாள் போதுமே?

புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் அந்த விகாரையைப் பார்க்க அரை நாள் போதும். படம் எடுக்க இரண்டு நாளும் குறைவு.

1815இல் பிரித்தானியர் கைக்குப் போகும்வரை கண்டி தனி இராச்சியம். அதன் கடைசி நான்கு அரசர்கள் நாயக்கர் வம்சத்தவர்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் சிறைப்பட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். இன்று கண்டி என்றதும் கண்ணில் நிற்கும் ஏரியும், மாளிகையின் முகப்பில் உள்ள எண்கோண மண்டபமும், ஏரிக்கரையில் அலைபோல் வளைந்து போகும் மேகச் சுவரும் அவன் காலத்து வேலைகள். அந்தச் சுவரின் முக்கோணக் குழிகளில் விளக்கேற்றும் நாட்களில் ஏரித் தண்ணீரில் விழும் பிரதிபலிப்புக்காகவே மாலையில் ஒரு முறை போவோம்.

மாளிகை வளாகத்தைச் சுற்றி நாத, விஷ்ணு, பத்தினி தெய்வங்களின் தேவாலயங்கள் இருக்கின்றன. பத்தினி நம் கண்ணகிதான். விளக்குப் புகையும் பூத்தட்டும் வெள்ளைச் சேலையும் சேர்ந்திருக்கும் அந்த இடத்தில் கெமராவைத் தூக்க முன் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். கொட்டுகொடல்ல வீதிக் கதிர்காம தேவாலயத்தில் பூசை செய்கிறவர்கள் பிராமணர்கள். தமிழர்களும் சிங்களவர்களும் ஒரே வரிசையில் அருச்சனைத் தட்டோடு நிற்பார்கள். கண்டியைப் பற்றி ஒரே ஒரு படம்தான் எடுக்கலாம் என்றால் நாங்கள் அந்த வரிசையைத்தான் எடுப்போம்.

இரண்டாம் நாள், கம்பளை தலைநகராக இருந்த காலத்துக் கோயில்கள். கடலாதெனியவும் லங்காதிலகவும் 1344இல், நாலாம் புவனேகபாகு காலத்தில் எழும்பியவை. கடலாதெனியக் கற்கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியர். தூண்களைப் பார்த்தாலே நமக்கு ஊர்க்கோயில் மண்டபம் ஞாபகத்துக்கு வரும். லங்காதிலக நிற்கும் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்துகளின் பள்ளம் நிழல் பிடிக்கும். உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும்.

எம்பக்க தேவாலயத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கலாம். மேளக்காரர் மண்டபத்தின் மரத்தூண்களில் மல்லர்கள், இரட்டைத்தலைக் கழுகு, அன்னம், ஆடும் பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று சதுரம் சதுரமாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் தூண்களை எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் மண்டபத்தின் கோடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். கூரையின் 26 கைமரங்களும் விசிறிபோல் வந்து ஒரே ஒரு மர ஆணியில் கோத்து நிற்கும். அகலக்கோண லென்ஸைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து மேல்நோக்கி எடுத்தால் அந்த முழு வேலையும் ஒரு சட்டத்துக்குள் அடங்கும். மேகம் மூடிய நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மரத்தின் ரேகை கூடத் தெரியும்.

கோயில், விகாரைகளில் கவனிக்க வேண்டியவை?

தோளும் முழங்காலும் மூடிய உடை. செருப்பும் தொப்பியும் வெளியே. பிளாஷ் கூடாது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இங்கே பெரிய அவமரியாதை. சட்டச் சிக்கலும் வரும். இந்துக் கோயில்களில் மூலஸ்தானத்தை எடுக்கவே வேண்டாம். வாசலில் பூ விற்கும் அம்மாவையோ, தேங்காய் உடைக்கும் கையையோ எடுக்கலாம். அதையும் கேட்டுவிட்டு.

கோட்டை கொத்தளம் ஏதாவது உண்டா?

ஐரோப்பாவில் இருப்பதுபோல் மதில் சூழ்ந்த கோட்டைகள் மலைநாட்டில் இல்லை. கண்டி இராச்சியத்துக்கு மலையும் காடும்தான் மதில். ஆனால் இங்கிலாந்துக் கோட்டை மாளிகையைப் பார்த்துக் கட்டிய ஒரு வீடு ஹப்புத்தளையில் இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா அது. கென்ட் மாவட்டத்து லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்துக் கட்டியது என்பார்கள். 1960களிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம்.

கருங்கல் சுவர், உயரமான புகைபோக்கிகள், சிறு சிறு கண்ணாடி வைத்த ஜன்னல்கள், முன்னால் ரோசாத் தோட்டம். ஏறிவரும் வழியில் வளைவு திரும்பியதும் மரங்களுக்கிடையே தெரியும் அதன் ஒரு பகுதிதான் முகப்பை நேரே எடுப்பதைவிட அழகு. பனி இறங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். பொதுவாக வார இறுதியிலும் போயா (பௌர்ணமி) நாட்களிலும் பாடசாலை விடுமுறையிலும்தான் பார்வையாளரை உள்ளே விடுவார்கள். அதற்கேற்பத்தான் பயணத் திகதிகளை வைக்கிறோம். உள்ளே கெமராவை மூடிவிட வேண்டும். வெளியே வரும்போது துறவிகள் செய்து விற்கும் ஜாமை வாங்காமல் வராதீர்கள்.

நுவரெலியாவில்?

1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையம், 1876இல் தொடங்கிய ஹில் கிளப், 1873இல் ஆளுநர் கிரெகரி அமைத்த ஏரி, ஆளுநர் பார்ன்ஸ் தங்கிய வீட்டிலிருந்து வளர்ந்த கிராண்ட் ஹோட்டல். குளிருக்கு ஏங்கிய வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரைப் பெயர்த்து வைத்ததுபோல் கட்டினார்கள். இவையெல்லாம் படத்துக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் காலை ஆறரைக்குச் சந்தைக்கு வாருங்கள். லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்) மூட்டைகள் லொறியில் ஏறும். சுமக்கிறவர்களின் மூச்சு குளிரில் ஆவியாய்த் தெரியும். தபால் நிலையத்தைவிட அந்த அரை மணித்தியாலம் நுவரெலியாவைக் கூடுதலாகச் சொல்லும் என்பது எங்கள் எண்ணம்.

ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி பூத்திருக்கும். வெயில் பட்டதும் போய்விடும். அதைக் காண்பது அவரவர் அதிர்ஷ்டம்.

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களை எடுக்கலாமா?

எல்லோரும் கேட்பது இதுதான். எடுக்கலாம். எப்படி எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அவர்களுடைய நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, எந்த மலையில் இன்றைக்குக் கொழுந்து என்று பிரித்து அனுப்புவார்கள். இத்தனை கிலோ என்று ஓர் அளவு இருக்கும். அதை எட்டினால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் அரைச் சம்பளம். நீங்கள் ஒரு அக்காவைப் பத்து நிமிடம் நிறுத்தி, இப்படித் திரும்புங்கள், அப்படிச் சிரியுங்கள் என்று சொன்னால் அந்தப் பத்து நிமிடத்துக் கொழுந்து அவர் கூடையில் இருக்காது. அதற்கான நட்டம் உங்களுக்கு இல்லை, அவருக்குத்தான்.

ஆகவே எங்கள் வழக்கம் இது. தோட்ட நிர்வாகத்திடம் முன்பே அனுமதி எடுப்போம். மலையில் வேலை செய்கிற பெண்களிடமும் முதல் நாளே போய்ச் சொல்வோம். வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிற நிரைப் பக்கம் போகமாட்டோம். வேலையை நிறுத்தச் சொல்லமாட்டோம். நீங்கள் நிரையின் ஓரமாக நின்று, அவர்கள் நகர்கிற வேகத்துக்கு நீங்களும் நகர வேண்டும். கிட்டப் போகும்போது, "அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேளுங்கள். "அதுக்கென்ன, எடுங்க" என்றால் எடுங்கள். தலையை ஆட்டி மறுத்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். தமிழில் கேட்க முடிவது நமக்குக் கிடைத்த பெரிய வசதி; அதை வீணாக்க வேண்டாம்.

முகத்தைவிடக் கையைக் கவனியுங்கள். இரண்டு இலையும் மொட்டும் சேர்ந்த தளிரை இரண்டு கையாலும் ஒடித்து, உள்ளங்கை நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவார்கள். கொழுந்துச் சாறு பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து வெடித்திருக்கும். சிலர் துணி சுற்றியிருப்பார்கள். செட்டர் வேகம் 1/500க்குக் குறையாமல் வைத்தால்தான் எறிகிற கொழுந்து காற்றில் நிற்கும்.

அதைவிட நல்ல இடம் கொழுந்து மடுவம், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. நிறுவை நேரத்தில் பெண்கள் எல்லோரும் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். கூடை தராசில் தொங்கும். கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்வார். முள் எங்கே நிற்கிறது என்று ஒரு பெண் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்கிறவர் முணுமுணுப்பார். காலை முழுவதும் பட்ட பாடு ஓர் எண்ணாக மாறுவதை அந்த முகங்களில் பார்க்கலாம். தேயிலைச் சுற்றுலாப் படங்களில் இந்த இடம் பெரும்பாலும் வருவதே இல்லை. எங்கள் பயணத்தில் கட்டாயம் உண்டு.

படம் எடுத்தால் காசு கொடுக்க வேண்டுமா?

சாலையோரக் காட்சி முனைகளில் சில பெண்கள் கூடையோடு நின்று படத்துக்குக் காசு கேட்பார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. அங்கே எடுத்தால் கொடுங்கள். பேரம் பேச வேண்டாம். மலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தனித்தனியாக யாரும் காசு நீட்டக்கூடாது. பயணக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த மலைப் பெண்கள் குழுவிடம் மொத்தமாகக் கொடுத்து அவர்களே பிரித்துக்கொள்ள விடுகிறோம். படத்தின் பிரதியும் போக வேண்டும். "அனுப்புறேன்" என்று சொல்லிப் போய் அனுப்பாதவர்கள் பலர். பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் நீங்கள் தரும் படங்களை அச்செடுத்து நாங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

லயங்களுக்குள் போய் எடுக்கலாமா?

அழைத்தால் போகலாம். அழைக்காமல் போகக்கூடாது.

வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயக் காம்பிராக்களில் (சிறு அறை வீடுகளில்) இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வறுமையைத் தேடி வந்து ஓட்டைக் கூரையையும் சளி ஒழுகும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மீது எங்கள் சனங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. பீலியில் (தண்ணீர் விழும் குழாயடியில்) குளிக்கிற இடத்தில் கெமரா பையைவிட்டு வெளியே வரவே கூடாது. தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளை எடுக்கக்கூடாது. இந்த இரண்டையும் மீறுகிறவரைப் பயணத்தில் வைத்துக்கொள்ளமாட்டோம்.

வீட்டுக்குள் கூப்பிட்டுப் பிளேன்டீயும் ரொட்டியும் சம்பலும் தந்தால் முதலில் சாப்பிடுங்கள், பேசுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற பழைய கல்யாணப் படம், பாட்டியின் அடையாள அட்டை, சாமிப் படத்தட்டு என்று அவர்களாகவே எடுத்துக் காட்டுவார்கள். அந்த அடையாள அட்டைக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெருந்தொகையானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்தது எங்கள் லயங்களில்தான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் சிலர் நீலகிரியில், கோத்தகிரி போன்ற ஊர்களில் இருக்கிற தங்கள் பாட்டன் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்று தேடிக்கொண்டு வருகிறார்கள். தோட்டத்தின் பெயரை முன்பே அனுப்பினால் எங்களால் முடிந்தவரை விசாரித்து வைப்போம்.

மாசி மாதத்தில் வந்தால் சில தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். இரவு முழுக்க ஆடுவார்கள். ரதியும் மதனும் வேடம் கட்டுகிற இடத்தில் லாம்பு வெளிச்சத்தில் எடுக்க அனுமதி கேட்டு வைப்போம். பிளாஷ் மட்டும் வேண்டாம்.

பனியில் எடுத்தால் படமெல்லாம் சாம்பலாக வருகிறதே?

பனி வெள்ளையாக இருப்பதால் கெமரா ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெளிப்பாட்டு ஈடுசெய்தலைக் கூட்டல் பக்கம் முக்கால் அல்லது ஒன்று நகர்த்துங்கள். தானியங்கிக் குவியம் பனியில் தடுமாறும். ஒரு மரத்தின் விளிம்பையோ தந்திக்கம்பத்தையோ பிடித்துப் பூட்டுங்கள். பனியை மட்டும் எடுத்தால் படத்தில் ஒன்றும் இருக்காது. முன்னால் கறுப்பாக ஏதாவது ஒன்று வேண்டும்: நிழல்மரம், பாதையில் வரும் ஆள், கோயில் கோபுரத்தின் நுனி.

தேயிலையின் பச்சை சில வேளை கண்ணைக் குத்தும் மஞ்சளாக வரும். வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். மழை விட்ட கையோடு இலை மினுங்குவதைக் குறைக்கத் துருவமாக்கி வடிகட்டி உதவும். அதிகம் திருப்பினால் இலை உயிரற்றுப் போகும், பாதி போதும்.

என்னென்ன கொண்டு வர வேண்டும்?

அகலக்கோண லென்ஸ் ஒன்று, 70 முதல் 200 வரையான லென்ஸ் ஒன்று. அடுக்கடுக்காகப் போகும் மலைகளை நெருக்கிக் காட்டத் தூர லென்ஸ்தான் வேண்டும். மலைநாட்டுக்கு அகலக்கோணம் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம், லிப்டன் சீட் என்ற காட்சி முனையில் நின்றதும் மனம் மாறிவிடுவார்கள். பாரம் குறைந்த ட்ரைபொட், மேலதிக பற்றரி (குளிரில் சீக்கிரம் இறங்கும்), மழையுறை, லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு மூன்று. குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது லென்ஸில் நீர் பூக்கும்; கெமராவைப் பைக்குள் மூடி அரை மணித்தியாலம் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

சுவெட்டர், வழுக்காத சப்பாத்து, மழைக்கோட். குடை காற்றில் நிற்காது.

அட்டை கடிக்குமா?

மழை பெய்திருந்தால் கடிக்கும். ஆபத்தில்லை. நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகி, சவர்க்காரமோ உப்போ பூசிக்கொண்டால் போதும். இழுத்துப் பிய்க்காமல் உப்பு வைத்தால் தானாக விழும்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பிலிருந்து காட்சி தெரியுமா?

காலை ஒன்பதுக்கு முன் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் தெரியும். 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெள்ளை. வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். முதல் ஆட்களாக நிற்போம். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். மரை மான்கள் வீதியோரம் வந்து நிற்கும். உணவு கொடுத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து நீங்களும் சேராதீர்கள்.

ஒன்பது வளைவுப் பாலம், கோச்சி (ரயில்) பயணம் எல்லாம் இருக்கிறதா?

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில் இருக்கும் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. இரும்பே இல்லாமல் கல், செங்கல், சீமெந்தால் கட்டியது. 24 மீற்றர் உயரம். எல்லோரும் எடுக்கும் கோணத்தைவிட, பாலத்துக்குக் கீழே இறங்கி, வளைவுகளின் அடியில் நின்று மேலே பார்த்தால் அதை எழுப்பிய வேலையின் பாரம் புரியும். தெமோதரை நிலையமும் அதிசயம்தான்: நிலையத்தைக் கடந்த பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதே நிலையத்துக்குக் கீழே சுரங்கத்துக்குள் போகும்.

கோச்சிக் கதவில் தொங்கிக்கொண்டு எடுக்க நாங்கள் அனுமதிப்பதில்லை. அப்படி எடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஜன்னலுக்குள் இருந்துகொண்டே, வளைவு வரும்போது உங்கள் கோச்சியின் முன்பெட்டிகள் திரும்புவதை எடுக்கலாம்.

டித்வா புயலுக்குப் பிறகு பாதைகள் எப்படி?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டைக் கடுமையாகத் தாக்கியது. மண்சரிவுகளில் ஊர்களும் லயங்களும் புதைந்தன. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. அதனால் பயணத்தை வீதி வழியாகவே திட்டமிட்டிருக்கிறோம். அந்த வாரத்தில் கோச்சி ஓடுகிற பகுதி எதுவோ அதில் மட்டும் ஏறுவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் அந்தப் பக்கம் போகமாட்டோம், பாதையை மாற்றுவோம்.

சரிந்த மலைகளை எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். செய்தியாளர்கள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டார்கள். ஆட்களை இழந்த வீட்டு வாசலில் சுற்றுலா வாகனத்தை நிறுத்த எங்களுக்கு மனம் வராது.

மஸ்கெலியாவில் தண்ணீருக்குள் ஒரு நகரம் இருக்கிறதாமே?

ஆம். மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் மிச்சம் மீதியாக வெளியே வரும். எந்த ஆண்டு, எந்த வாரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தெரிந்தால் கட்டாயம் போவோம், அன்றைய நிரல் எதுவாக இருந்தாலும். சேற்றில் கால் புதையும்; உள்ளூர்க்காரர் காட்டும் வழியை விட்டு விலகக்கூடாது.

அதே பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி 1878இல் கட்டிய வோர்லி கிறிஸ்தவ தேவாலயம் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் துரைமாருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியிலேயே செத்து விழுந்த எங்கள் மூதாதையருக்கு அப்படி ஒரு கல் இல்லை. அந்த வழியின் முடிவில் இருக்கிற மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கண்டியிலிருந்து போக விரும்புகிறவர்களைத் தனியாகக் கூட்டிப்போகிறோம். மாசிமகத் தேரோடு சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது.

ட்ரோன்?

வேண்டாம். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தால் இன்னும் சிக்கல். அதோடு லயங்களுக்கு மேலால் பறக்கவிடுவது வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

பெண்கள் தனியாக வரலாமா? வயதானவர்கள்?

தாராளமாக வரலாம். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எங்களோடு ஒரு பெண் வழிகாட்டி எப்போதும் இருப்பார். ஹோட்டன் சமவெளிச் சுற்று ஒன்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் அன்று காலை ஹப்புத்தளையில் தங்கி, கடைத்தெருவை எடுக்கலாம். ஊருக்கு நடுவில் ரயில் தண்டவாளத்தோரமாகக் காய்கறி விற்கிற அந்த இடம் ஒன்றும் குறைந்ததல்ல.

மழை விடாமல் பெய்தால்?

தேயிலை ஃபெக்டரிக்குள் போவோம். ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதன்னையில் லிப்டன் 1890இல் கட்டிய ஃபெக்டரி இன்னும் ஓடுகிறது. வாட்டுகிற தட்டுகளின் நீளமும், உருட்டு இயந்திரத்தின் பித்தளையும், பறக்கும் தேயிலைத் தூசும் நல்ல படங்கள் தரும். ஐஎஸ்ஓ 3200 வரை போகத் தயங்காதீர்கள். அனுமதி கிடைக்கிற பகுதியில் மட்டும்.

எடுத்த படங்களை விற்கலாமா, போட்டிக்கு அனுப்பலாமா?

படம் உங்களுடையது. காட்சி, கட்டடம் என்றால் உங்கள் விருப்பம். ஆளின் முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ கொடுப்பதானால் அந்த ஆளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தை நாங்கள் தருவோம். வாசிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டித்தான் கையொப்பம் வாங்க வேண்டும். அடிக்குறிப்பில் "தேயிலை பறிக்கும் பெண்" என்று போடாமல் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள்.

கட்டணத்தில் எவை அடங்கும்? பதிவு செய்வது எப்படி?

தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, வேன், நுழைவுச் சீட்டுகள், வழிகாட்டி எல்லாம் அடங்கும். விமானச் சீட்டு, விசா, காப்புறுதி உங்கள் பொறுப்பு. வெளிநாட்டவருக்குப் பூங்கா, தோட்ட நுழைவுச் சீட்டுகளின் விலை கூட என்பதால் கட்டணம் இரண்டு வகையாக இருக்கும். சைவச் சாப்பாடு வேண்டுமானால் முன்பே சொல்லுங்கள். பதிவின்போது முற்பணமாக நாலில் ஒரு பங்கு. வானிலையால் நாங்களே ரத்துச் செய்தால் முழுவதும் திரும்பத் தருவோம். பெயர், எந்தக் கெமரா, உடல்நிலையில் ஏதும் கவனிக்க வேண்டியது உண்டா, தேட வேண்டிய தோட்டம் ஏதாவது இருந்தால் அதன் பெயர், இவற்றை எழுதி அனுப்பினால் மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்வோம்.